டீ செலவுக்கு

கோயமுத்தூரில் வீட்டு வரைபடங்களுக்கு அனுமதி வாங்கித் தருவதுதான் என் தொழில். முப்பது வருஷமாக அரசு அலுவலகப் படிகளை ஏறி இறங்குகிறேன். விண்ணப்பத்துக்கும் நகலுக்கும் நடுவில் ஒரு நோட்டை மடித்து வைத்து, ஃபைலை நீட்டும்போதே "டீ செலவுக்குங்க" என்பேன். அதைச் சத்தமாகவும் சொல்லக் கூடாது, குசுகுசுவென்றும் சொல்லக் கூடாது. இந்த வித்தையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் அமெரிக்கா போயிருந்தோம். பேத்தி பிறந்தாள். நாங்கள் ஊர் திரும்ப வேண்டிய ஜனவரியில் அங்கே அரசாங்கம் பாதி பூட்டிக் கிடந்தது. மெக்சிகோ எல்லையில் சுவர் கட்டப் பணம் ஒதுக்கினால்தான் பட்ஜெட்டில் கையெழுத்து என்று ஒரு தரப்பு அடம்பிடித்தது. சுவருக்குக் காலணா கிடையாது என்றது மற்றது. இரண்டுமே இறங்கி வரவில்லை. விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கிறவர்கள்கூடச் சம்பளமில்லாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் சீருடையோடு இலவச மளிகைக்கு வரிசையில் நின்றதை டிவியில் காட்டினார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஒரு செவுத்துக்குச் சண்டை போட்டுட்டு ஆபீஸையே பூட்டிப்போட்டாங்களே மாப்ள! சம்பளம் வராட்டி எல்லாரும் கை நீட்டத்தான் செய்வாங்க. பாத்துட்டே இருங்க."

"இங்க அப்படியெல்லாம் இல்லீங்க மாமா" என்று மருமகன் மெதுவாகச் சொன்னார். மகள் டிவியை அணைத்துவிட்டாள். உலகம் தெரியாத பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது மனைவியின் கைப்பையில் ஒரு குங்குமச் சிமிழ் இருந்தது. உள்ளே துணியில் சுற்றிய பேத்தியின் தொப்புள்கொடி, காய்ந்து விழுந்தது. ஊரில் தெரிந்த ஆசாரியிடம் கொடுத்து வெள்ளித் தாயத்தில் அடைத்து, சென்னிமலை முருகன் பாதத்தில் வைத்து வாங்கி, யார் கையிலாவது கொடுத்தனுப்பிப் பேத்தியின் இடுப்பில் கட்டச் சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை. மகள் பெரிய பெட்டியில் போடச் சொன்னாள். பெட்டி தொலைந்துபோனால் என்ன செய்வது என்று இவள் மறுத்துவிட்டாள்.

விமான நிலையச் சோதனையில் அந்தக் கைப்பையை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்கள். ஓர் அதிகாரி வந்து பிரித்தார். என் மகள் வயதுதான் இருக்கும். தூக்கமில்லாத கண்கள். சிமிழைத் திறந்து, துணியை விலக்கி, "இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் ஆங்கிலம் விண்ணப்பப் படிவத்துக்கு மேல் போகாது. "பேபி, பேபி" என்று சொல்லி என் தொப்புளைத் தொட்டுக் காட்டினேன். அவர் சிமிழையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். "ஏனுங்க, எடுத்துப்போட்டுருவாங்களா? எப்படியாச்சும் வாங்கிக் குடுத்துருங்க."

எப்படியாச்சும். அனுமதி வாங்க என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிற வார்த்தை அது.

கை தானாகப் போய்விட்டது என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். இந்தப் பெண்ணுக்குச் சம்பளம் வந்து ஒரு மாசம் ஆகிறது, கட்டாயம் வாங்கிக்கொள்வாள் என்று நன்றாக யோசித்துத்தான் செய்தேன். இருபது டாலர் நோட்டை விமானச் சீட்டுக்குள் மடித்து, மேசைமேல் நகர்த்தி, "ஃபார் டீ, மேடம்" என்றேன். சத்தமாகவும் இல்லை, குசுகுசுவென்றும் இல்லை.

அப்போதுதான் அவர் கைகளைக் கவனித்தேன். துணியை முன்போலவே சுற்றிச் சிமிழுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நான் நோட்டை நீட்டுவதற்கு முன்பே அவர் எங்களை விட்டுவிட்டிருந்தார்.

நோட்டின் நுனியைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். யாரையோ கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ சீட்டின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தபடி என் பக்கமாகத் தள்ளினார்.

"யாரும் பார்ப்பதற்கு முன்னால் உள்ளே வையுங்கள் சார்" என்றார், எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்தி. பிறகு சிமிழை இரண்டு கையாலும் எடுத்து என் மனைவியிடம் கொடுத்தார். "என் பையனுடையதை நானும் வைத்திருக்கிறேன்." என்னை அவர் மறுபடி பார்க்கவில்லை.

விமானத்துக்குக் காத்திருக்கும்போது மனைவி கேட்டாள். "அந்தப் புள்ள கேட்டுச்சுங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏனுங்க குடுத்தீங்க?"

"பாவம், சம்பளமில்லாம நிக்குதேன்னு..."

"பாவம்னு குடுக்கறவங்க மடிச்சு மறைச்சுங்களா குடுப்பாங்க?"

பசித்தவளுக்கு நான் கொடுக்க நினைக்கவில்லை. அவள் பசித்திருந்தது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். போத்தனூரில் வீடு வந்து சேரும்வரை அவமானத்தில் காது சுட்டுக்கொண்டே இருந்தது.

வந்த பிறகும் மனைவி தினமும் காலையில் என்னிடம் கேட்டாள், "அந்தப் புள்ளைக்குச் சம்பளம் வந்துருச்சுங்களா?" என்று. பேப்பரைப் புரட்டி இன்னும் இல்லை என்பேன். ஒரு நாள் அமெரிக்க அலுவலகங்கள் திறந்துவிட்ட செய்தி வந்தது. சுவருக்கு வழி பிறக்கவில்லை, சும்மா திறந்துவிட்டார்கள். வாசித்துக் காட்டினேன். "அப்பாடா" என்றவள், அன்றைக்குத்தான் சிமிழை எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் போனாள்.

அதே வாரம் ஒரு வரைபடத்தோடு நானும் அலுவலகத்துக்குப் போனேன். வெகுகாலமாகப் பழகின எழுத்தர். உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க, அமெரிக்கால ஆபீசர்களுக்குச் சம்பளமே குடுக்கலீங்களாமா? அப்புறம் எப்படிங்க பொழப்ப ஓட்டுனாங்க?"

"சும்மாதானுங்க வேலை பாத்தாங்க."

"சும்மாவா பாப்பாங்க? யாராச்சும் ஏதாச்சும் குடுத்திருப்பாங்க."

"குடுத்தாங்க. வாங்கலீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாருங்க குடுத்தது?"

"நம்மூர்க்காரரு ஒருத்தருங்க" என்றேன்.

"விவரமில்லாத ஆளா இருப்பாரு" என்று சிரித்துக்கொண்டே ஃபைலுக்குக் கை நீட்டினார். வரும் வழியிலேயே விண்ணப்பத்துக்கும் நகலுக்கும் நடுவில் நோட்டை வைத்திருந்தேன். எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் ஃபைலை மடியிலேயே வைத்திருந்தேன். அப்புறம் கொடுத்துவிட்டேன். நோட்டு மேசை இழுப்பறைக்குள் போனது.

"இன்னைக்கே முடிச்சுப்போடலாமுங்க" என்றார்.

"ரொம்பச் சந்தோசமுங்க" என்றேன்.