காயம் ஆறும்வரை

எங்கள் நைனா மயிலாப்பூர் மாட வீதியில் காய்கறி விற்றார். அவர் கூவினால் குளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் பையை எடுத்துக்கொண்டு வருவார்கள். கைதான் அவர் பேச்சைக் கேட்காது. பார்க்கின்சன் நோய். தராசைத் தூக்கினால் இரண்டு தட்டும் ஆடும். "இன்னா மச்சி, கத்திரிக்காயத் தூளியில போட்டு ஆட்டுறியா?" என்பார் பக்கத்துப் பூக்கடைக்காரர். "தூங்கட்டும், பாவம்" என்பார் நைனா.

மாத்திரையும் கேட்காமல் போய், அம்மா சோறு ஊட்டிவிடும் நிலை வந்தபோது, மூளையில் ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். மண்டையில் சிறு துளை போட்டு, கையை ஆட்டிவைக்கும் இடத்தை மட்டும் சுட்டுவிடுவார்களாம். அதற்குத் தலையை மழிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் குப்பைக்குப் போகிற முடி முருகனுக்காவது போகட்டும் என்று முதல் நாளே அம்மா கோயிலுக்கு அழைத்துப்போய் மொட்டை போடவைத்தார். நைனாவுக்குத் தலையும் ஆடும் என்பதை முடி எடுப்பவரிடம் சொல்ல மறந்துவிட்டோம். நாலைந்து இடத்தில் கத்தி பட்டுவிட்டது.

மறுநாள் டாக்டர் பார்த்தார். காயத்தோடு செய்தால் சீழ் பிடிக்கும், ஆறியதும் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். அம்மா பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தார்.

"இன்னாத்துக்கு அழுவுற? முருகன் லீவு குட்த்துக்கிறாரு" என்றார் நைனா.

அந்த லீவில் அவர் கடைக்குப் போகவில்லை. என்னை உட்காரவைத்துப் பேசிக்கொண்டே இருந்தார். பெண் பார்க்கப் போய், வீடு மாறி, யாரோ வீட்டில் காப்பி குடித்துவிட்டு வந்த கதையை அப்போதுதான் கேட்டேன். வெளியே பசங்கள் பம்பரம் விட்டார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எப்போதும் நைனாவின் வாயை அடக்கும் அம்மா, அன்று என்னை முறைத்தார். "குந்துடா. கேளு."

ஆபரேஷன் நடந்தது. கை அடங்கியது; தண்ணீரைச் சிந்தாமல் குடித்தார். ஆனால் குரலும் போய்விட்டது. உதட்டோரம் காதை வைத்தால் காற்று மாதிரி ஏதோ வரும். இரண்டு கைக்கும் செய்தால் அப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தாராம். நைனாவுக்கும் அம்மாவுக்கும் அது தெரியும்.

காயம் ஆறி மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், வாசலில் நின்று தெருவே திரும்பிப் பார்க்க என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஓடிவந்தேன். "ஒண்ணுமில்ல, போய் ஆடு" என்றார். மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் ஒன்றுமில்லை. "அப்புறம் இன்னாத்துக்கு நைனா கூப்புட்ற?" என்று கோபித்துக்கொண்டேன்.

என் பெயரை அவர் கடைசியாக ஒரு தடவை ஆசைதீரச் சொல்லிப் பார்க்கிறார் என்று, பம்பரம் பாதியில் நின்ற கோபத்தில் இருந்தவனுக்கு எப்படித் தெரியும்?