கேட்காமல் போட்ட லேமினேஷன்

மூன்று வருடத்துக்கு முன்பு, வெயில் காலத்தில் ஒரு மதியம் நடந்தது இது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு லேமினேஷன் மிஷின், இவற்றோடு மல்லுக்கட்ட நான் ஒருவன். ஓ.டி.பி. வரவில்லை என்பவர், ஆதாரில் முகம் நன்றாக இல்லை என்று என்னிடம் சண்டைக்கு வருபவர், கோட்டையைப் பார்க்க வந்து போனுக்கு சார்ஜ் கேட்பவர் என்று எல்லோருக்கும் பதில் சொல்லியே தொண்டை வறண்டுவிடும். அன்றைக்கு கரண்ட் வேறு மூன்று முறை போய்ப் போய் வந்தது. எப்போது ஷட்டரை இழுப்போம் என்று இருந்தது எனக்கு.

அப்போதுதான் அந்த அக்கா வந்தார். நாற்பது வயது இருக்கும். வல்லம் பக்கம் ஒரு கிராமம். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவர், இப்போது பத்தாவது தனித்தேர்வு எழுதப் போவதாகச் சொன்னார்.

"மூணு மாடி தொடச்சி தொடச்சி முட்டி போய்டுச்சி தம்பி. பத்தாவது பாஸ் பண்ணிட்டா நோயாளிங்களுக்கு சீட்டு எழுதுற எடத்துல உக்கார வெக்கிறேன்னு டாக்டரம்மா சொன்னாங்க. பேர் பதிய இன்னியோட கடைசியாம்."

அவர் நீட்டிய டி.சி., நாலாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் விட்டுப்போயிருந்தது. இத்தனை வருடமும் அரிசி டிரம்முக்கு அடியில் இருந்ததாம். அவர் கேட்டது ஒரு ஜெராக்ஸ், அவ்வளவுதான். அவர் தண்ணீர் பாட்டில் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போன நேரத்தில், பாவம், கிழிந்துவிடுமே என்று ஒரிஜினலை லேமினேஷன் மிஷினில் விட்டுவிட்டேன். அதற்குக் காசுகூட வாங்கவில்லை. தாள் பளபளவென்று வெளியே வந்ததைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. அவரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். பதிவு மையத்தில் ஒரிஜினலின் பின்பக்கம் எழுதி சீல் வைப்பார்களாம். பிளாஸ்டிக் மேல் எப்படி வைப்பது, பிரித்து எடுத்துக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்குத் தெரியாத விஷயமா இது? ஒரிஜினலை லேமினேட் பண்ணாதீர்கள் என்று எத்தனையோ பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அசதியில் கை தன் பாட்டுக்கு வேலை செய்துவிட்டது. பிளேடால் ஓரத்தைக் கீறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல உரித்தேன். பிளாஸ்டிக்கோடு தாளும் சேர்ந்து வந்தது. பிறந்த தேதி ஒரு துண்டிலும் ஹெட்மாஸ்டர் கையெழுத்து இன்னொரு துண்டிலும் நின்றன.

அக்கா அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்துப் பார்த்தார்.

"உடு தம்பி. நல்லதுன்னு நெனச்சித்தான செஞ்ச."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். ஷட்டரை இழுத்துவிட்டு, பைக்கில் அவரை ஏற்றிக்கொண்டு அவர் படித்த பள்ளிக்கு ஓடினேன். ஹெட்மாஸ்டர் தங்கமான மனிதர். பழைய அட்மிஷன் ரெஜிஸ்டரைத் தூசி தட்டி எடுத்து, அக்காவின் பெயரைக்கூடக் கண்டுபிடித்துக் காட்டினார். ஆனால் டூப்ளிகேட் டி.சி. கையோடு தர முடியாது, தாலுகா ஆபீஸ் சான்று வேண்டும், மேலே அனுமதி வாங்க வேண்டும் என்றார்.

அந்த டூப்ளிகேட் கைக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. மனு எழுதியதும் ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததும் நான்தான். அதற்குள் அந்தத் தேர்வு முடிந்தே போனது. அடுத்த தேர்வுக்குப் பேர் பதிந்து, மாடி துடைத்த நேரம் போகப் படித்து, கணக்கில் தட்டுத்தடுமாறி என்றாலும் முதல் தடவையிலேயே அக்கா பாஸ் செய்துவிட்டார். ஆனால் சீட்டு எழுதும் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு என் கடைக்குத்தான் வந்தார்.

"இன்னாக்கா, பாஸாமே!" என்றேன்.

"ஆமா தம்பி. வேற ஆஸ்பத்திரில கேட்டிருக்கேன். ஒரு ஜெராக்ஸ் வேணும்."

வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"நானே வெக்கிறேன் தம்பி" என்று மிஷின் பக்கம் வந்தார். நான் மூடியைத் தூக்கினேன். தாளைக் கண்ணாடி மேல் வைத்து, வெளிச்சம் ஓடி முடிகிறவரை ஓரத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்று, அவரே எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். முகத்தில் கோபம் துளியும் இல்லை. வழக்கம்போலச் சிரித்துவிட்டுத்தான் போனார். நகலின் ஓரத்தில் அவர் விரலும் கறுப்பாக விழுந்திருந்தது என்பதால், இன்னொன்று போடட்டுமா என்று கேட்டேன். இதுவே போதும் என்றுவிட்டார்.

இப்போதெல்லாம் யார் எந்தத் தாளைக் கொடுத்தாலும், என்ன செய்யட்டும் என்று கேட்ட பிறகுதான் தொடுகிறேன். அலுத்துப்போய், கேட்காமலே செய்துவிடலாம் என்று தோன்றும்போது அந்த விரல் கண்முன்னால் வந்து நின்றுவிடுகிறது.