அப்பாவின் காதும் அடங்காத கலங்களும்

பல்கலைக்கழக வளாகத்தில் ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடத்தை வீட்டில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கனடாவிலிருக்கும் அண்ணன் காதுமெசின் வாங்கி அனுப்பினார். அப்பா அதைப் போடுவார், கொஞ்ச நேரத்தில் கழற்றிவிடுவார். "எல்லாம் கேக்குது பிள்ளை. ஒண்டும் விளங்கேல்லை" என்பார். பிடிவாதம் என்றார் அண்ணன்.

பிடிவாதம் இல்லை. மூளையில் ஒலியைக் கவனிக்கும் நரம்புக்கலம் ஒவ்வொன்றும் தனக்குரிய ஒலிக்குத்தான் துடிக்கவேண்டும். மற்றதற்கு வாய் திறக்கக் கூடாது. அதன் மேலிருந்து சேதி பிடிக்கும் வாங்கிகளில் ஒரு வகை கலத்தைத் தூண்டிவிடும், இன்னொரு வகை அடக்கிவைக்கும். வயது போகப் போக அடக்கும் வகை மாறி வலுவிழக்கிறது. பிறகு தன்னுடையது, அடுத்த வீட்டுக்காரனுடையது என்று பாராமல் கலம் எல்லாவற்றுக்கும் துள்ளுகிறது. அந்த இரைச்சலை மெசின் இன்னும் பெரிதாக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். "சத்தத்தைக் கூட்டாதேங்கோ, ஒவ்வொருத்தராக் கதையுங்கோ" என்று தொண்டைத்தண்ணீர் வற்றச் சொன்னேன். யார் கேட்டார்கள்?

எங்கள் வீட்டில் ஒருவர் கதைத்து முடிக்கும்வரை மற்றவர் பொறுத்த வழக்கமே கிடையாது. போன நத்தார்ப் பெருநாளுக்கு முன் ஒரு ஞாயிறு, நாங்கள் தேவாலயத்திலிருந்து வந்த கையோடு அண்ணன் வீடியோவில் வந்தார். அங்கே அண்ணி, பிள்ளைகள். இங்கே பருத்தித்துறைச் சொந்தம் முழுக்க விறாந்தையில். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அதற்கு நடுவே அண்ணன், "அப்பா, இந்த முறை வரேலாமல் கிடக்கு. லீவு தரமாட்டாங்களாம்" என்றார். அப்பா சிரித்துத் தலையாட்டி, "நல்லது மோனை, நல்லது" என்றார்.

"பாத்தியே, அப்பா விளங்கிக்கொண்டார்" என்று எனக்குச் சொல்லிவிட்டு அண்ணன் நிம்மதியாகப் போய்விட்டார். எனக்குப் போனைத் தூக்கி எறியவேண்டும் போலிருந்தது. சொந்தக்காரர் அப்பா படுக்கப்போகும்வரை எழும்பவில்லை. அந்தச் சந்தடிக்குள் அப்பாவிடம் எதைச் சொல்ல?

மறுநாள் காலை பார்த்தால் அப்பா முன்னறையில் நிற்கிறார். அண்ணனின் கட்டிலைத் துடைத்து நுளம்புவலை கட்டிக்கொண்டிருந்தார்.

"கொண்ணன் எத்தினையாம் திகதி வாறானாம்?"

ரேடியோவை நிறுத்தினேன். கதவைச் சாத்தினேன். அவர் முகத்துக்கு நேரே நின்று, சாதாரணக் குரலில் ஒரேயொரு தரம் சொன்னேன்.

ஒரு சொல் தவறாமல் அப்பாவுக்குக் கேட்டது. கட்டிய வலையை அவிழ்க்கத் தொடங்கினார்.