ஞானமுத்துவுக்கு இரண்டு சாவு

ஆம்பூரில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்தும் கிரேஸி டீச்சர், இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்த விதி ஒன்றுதான்: "வீட்டுல சொன்னாங்கன்னு எழுதாதே. தாளைப் பாரு. எந்தத் தாள்னு பக்கத்துல எழுது."

தோல் பதனிடும் டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் வேலை தேடி வந்த குடும்பங்கள்தான் வகுப்பில் பாதி. யார், எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம் வந்தார்கள் என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சீட்டு நிரப்ப வேண்டும். மாதிரிச் சீட்டு டீச்சருடைய குடும்பம். கொள்ளுத்தாத்தா ஞானமுத்து, தகப்பன் சின்னப்பன், ஊர் ஆலங்காயம். 1908 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். கப்பல் பதிவேட்டு நகலில், அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு. சாவு என்ற கட்டத்தில், 'கடலில், 1908'. ஆதாரம்: கல்லறைக் கல்.

ஆம்பூர் கல்லறைத் தோட்டத்தில் உடல் இல்லாத அந்தக் கல்லை 1927 பிப்ரவரியில் வைத்தவர் ஞானமுத்துவின் மகன் ஆபிரகாம், கிரேஸியின் தாத்தா. கல்லறைத் திருநாள்தோறும் குடும்பம் அங்கேதான் மெழுகுவர்த்தி ஏற்றும்.

2024 செப்டம்பர் 14, சனிக்கிழமை, பிள்ளைகளைச் சர்ச்சின் சேகர அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். பழைய பதிவேடுகளில் தேடப் பழக்குவதற்காக. வாலாஜாபேட்டை பக்கம் இருந்த, எப்போதோ மூடிவிட்ட ஒரு தொழுநோயாளர் இல்லத்தின் பதிவேடும் அங்கே இருந்தது. அதைப் புரட்டிக்கொண்டிருந்த தமிழினி தலையைத் தூக்கினாள். பிடித்தால் விடாத பிள்ளை. அப்பா டேனரியில் தோல் ஊறும் டிரம் ஓட்டுகிறவர்.

"மிஸ், உங்க தாத்தா இங்க இருக்காரு."

"அது வேற ஞானமுத்து இருக்கும்மா."

"தகப்பன் சின்னப்பன். ஆலங்காயம். நேட்டாலிலிருந்து திரும்பியவர். இடது புருவத்தில் தழும்பு." வரி வரியாக விரலை நகர்த்தினாள். "எத்தனை ஞானமுத்து மிஸ், புருவத்துல தழும்போட?"

சேர்ந்தது 1923. இறந்தது 1934 ஜூலை 9. புதைத்த இடம், எண் 61. பதினோரு வருஷத்தில் பார்க்க வந்தவர் ஒரே ஒருவர், ஒரே ஒரு தடவை: 1926 ஆகஸ்ட் 14, மகன் ஆபிரகாம். வீட்டு பைபிளில் இருக்கும் அதே கையெழுத்து.

பார்த்துவிட்டு வந்த ஆறாம் மாதம் கல் வைத்திருக்கிறார். அதே வருஷம் மே மாதம் அவருக்குக் கல்யாணம். குஷ்டம் இருக்கும் வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அதை ஒருவரும் கிரேஸிக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் தம்பி சுந்தர்ராஜிடம் போனில் சொன்னார்.

"இப்ப அது மாத்திரையில போற வியாதிடா."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா? என் பொண்ணு ஃபீபிக்கு அடுத்த மாசம் நிச்சயம்க்கா. அந்தப் பையனோட சித்தி பொண்ணு உன் ஸ்கூல்லதான் படிக்குது. நூறு வருஷமா கடல்ல இருந்தவரு, இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும்."

திங்கட்கிழமை தமிழினி மாதிரிச் சீட்டைத் திருத்திக் கொண்டுவந்தாள். கடைசிக் கட்டத்தில் இரண்டு வரி, இரண்டுக்கும் ஆதாரம். கிரேஸி அதை வாங்கி மேஜை டிராயரில் வைத்தார்.

"தப்பா எழுதிட்டேனா மிஸ்?"

"இல்ல."

"அப்புறம் இன்னா மிஸ்?"

கிரேஸி வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

அக்டோபர் 5, பெற்றோர் வரும் நாள். சுவரில் முப்பத்து மூன்று சீட்டு. தமிழினியின் அப்பா புகழேந்தி ஒன்றுவிடாமல் படித்துவிட்டு, "உங்க மிஸ்ஸோடது எங்க?" என்றார்.

"அவங்க தாத்தா இன்னும் கப்பல்லயே இருக்காருப்பா" என்றாள் தமிழினி.

இரண்டடி தள்ளி நின்ற கிரேஸி கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஃபீபிக்கு நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கிரேஸி தனியாக ரயிலேறி வாலாஜாபேட்டைக்குப் போனார். இல்லம் இருந்த இடத்தில் முள்ளுக்குள்ளே குட்டைக் கற்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். ஐம்பத்தேழு வரை படிக்க முடிந்தது. அதற்கு அப்பால், அறுபத்தொன்று இருக்க வேண்டிய இடத்தில், யாரோ காம்பவுண்டு சுவர் எழுப்பியிருந்தார்கள்.

போன் அடித்தது. சுந்தர்ராஜ்.

"இன்னாக்கா, எங்க இருக்கே? எல்லாரும் கல்லுகிட்ட வந்துட்டோம்."

"ஸ்கூல்ல வேலைடா" என்றார் கிரேஸி. "நீங்க ஏத்திடுங்க."

மெழுகுவர்த்தியைச் சுவரோரம் வைத்தார். காற்றில் இரண்டு தடவை அணைந்தது.