விமான நிலைய வாசலில் அத்தை

சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்க மைசூரிலிருந்து நானும் கணவரும் கிளம்பினோம். சென்னையில் விமானம் மாற ஏழெட்டு மணி நேரம் இருந்தது. அதற்குள் தியாகராய நகர் போய்ப் புடவை வாங்கிவிட ஆசை. சென்னையில் இருக்கும் அத்தையிடம், "ஏர்போர்ட்டை விட்டு வெளியில விடமாட்டா அத்தை" என்று போனில் பொய் சொல்லிவிட்டேன்.

வெளியே வந்தால், தயிர்சாத டப்பாவோடு அத்தை! கண்ணாடி வழியாகவாவது எங்களைப் பார்க்கலாம் என்று வந்தாராம்.

"விட்டுட்டாளா? என்னைப் பாக்கவா ஓடி வந்தேள்?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கூசாமல் தலையாட்டினேன்.

வெளியூரில் ரகசியம் பேச எங்களுக்குக் கன்னடம்தான். அந்தப் பழக்கத்தில் கணவர், "சீக்கிரம் அனுப்பு, புடவைக் கடைக்கு நேரமாகிறது" என்று கன்னடத்தில் முணுமுணுத்தார். அத்தை பிறந்து வளர்ந்ததே மைசூரில்தான் என்பது இருவருக்குமே உறைக்கவில்லை.

அத்தை கையை மெல்ல விட்டார். டப்பாவைக் கொடுத்து, "நேரமாகிறது, கிளம்புங்கள்" என்றார், கன்னடத்திலேயே.

புடவை வாங்கவில்லை. இப்போதெல்லாம் எந்த ஊரில் விமானம் மாறினாலும், இருக்கும் நேரத்தை உறவினரிடம் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். போன மாதம் மறுபடி சென்னை வழியாகப் பயணம். முதல் போன் அத்தைக்குத்தான்.

"ஆத்துக்கு வந்து பாத்துட்டுப் போறோம் அத்தை."

"உங்களை வெளியில விடமாட்டாளேம்மா" என்றார்.