குண்டை உள்ளே இழுக்கக் கூடாது

சுன்யாவ் பத்தொன்பது வயதில் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முப்பது வருஷமாகப் பட்டுப்புழுவுக்கு முசுக்கொட்டை இலை பறித்த கை. மாமனாருக்குப் பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் ஒரே கோடையில் உருகி, இருமி இருமியே போய்ச் சேர்ந்தான். கடைக்குட்டி நகரத்தோடு தங்கிவிட்டான். நடுப்பிள்ளை காய்லின்தான் இவள் புருஷன்.

கோடை பிறக்கிற அன்றும் இலையுதிர்காலம் பிறக்கிற அன்றும் ஊரே மூங்கில் கூடையில் உட்கார்ந்து, நகரும் எடைக்குண்டு தொங்கும் தூக்குக்கோலில் எடை பார்க்கும். வெயில் தின்ற சதையைக் கறி தின்று மீட்க வேண்டுமல்லவா? கோடையில் கோல் பிடித்தவன், அக்கரையிலிருந்து வந்திருந்த சுன்யாவின் அண்ணன் ஃபூகென். காய்லினுக்கு நூற்றிருபத்தாறு ஜின் என்று அவன் கூவினான்; ஒரு ஜின் அரைக் கிலோ. இலையுதிர்காலம் பிறந்த அன்று ஃபூகென் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியோடு சேர்ந்து சுன்யாவே கோலைத் தூக்கினாள். நூற்றுப் பதினெட்டு.

எட்டு ஜின் குறைவு! கூடவே வறட்டு இருமல். மூத்தவனுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது.

குளிர்ச்சி என்று அன்றே தர்பூசணிக்குத் தடை. காலையில் கல்கண்டு போட்டு வேகவைத்த பேரிக்காய், மத்தியானம் வாத்துச் சூப்பு, சாயங்காலம் சோயாவில் வெந்த பன்றிக்கறி.

"ஏண்டி, என்னைப் பண்டிகைக்கு வெட்டவா வளர்க்கிற?" என்றான் காய்லின்.

"வாயை மூடிக்கிட்டுக் குடிங்க."

பத்து நாளில் இருமல் அடங்கியது. கோலில் ஏறியதோ ஒரே ஒரு ஜின். மறுநாள் முதல் பஸ்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்று அவள் மாற்றுத்துணியை மூட்டை கட்டினாள். அந்த நேரம் பார்த்து ஃபூகென் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தான்.

"தங்கச்சி, திட்டாதே. அன்னைக்கு எடுத்த எடுப்பிலேயே குண்டை நூத்தி இருபத்தாறுல வச்சுட்டேன். உன் புருஷன் அவ்வளவு கனமில்லை, கோல் குண்டுப் பக்கமா சரிஞ்சுபோச்சு."

"உள்ளே தள்ளியிருக்கலாம்ல?"

"ஆளை நிறுக்கையில குண்டை உள்ளே இழுக்கலாமா? ஆயுசைக் குறைச்ச மாதிரி ஆகாதா? கோலைச் சுண்டுவிரலால தாங்கிப் பிடிச்சுக்கிட்டுக் கத்திட்டேன்."

சுன்யாவ் நம்பவில்லை. புருஷனின் சட்டையைத் தூக்கி இடுப்புவாரைப் பார்த்தாள். போன வருஷத்து அதே ஓட்டை. வாரின் தோல்கூட அந்த ஒரே இடத்தில்தான் வெடித்திருந்தது.

"நாசமாப் போறவனே!" என்று அண்ணன் முதுகில் கரண்டியால் ஒன்று வைத்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"நல்லாப் போடு. பத்து நாளா பேரிக்காய் தின்னது நான்," என்றான் காய்லின்.

அவள் மூட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, நின்றபடியே சட்டியிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து வாயில் போட்டாள். பத்து நாளில் அவள் நாக்குக்கு ருசி தெரிந்தது அப்போதுதான்.