முடிவை முதலில் படிக்கும் மேடம்

எங்கள் பள்ளியில் பந்துகளுக்கென்று தனி அறை கிடையாது. நூலகத்தின் கீழ்த்தட்டில்தான் கிடக்கின்றன. அதனால் விளையாட்டு வாத்தியாரான நான் ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது நூலக மேடத்திடம் திட்டு வாங்குவேன்.

"சார், காத்தடிக்கிறதா இருந்தா வெளியில போய் அடிங்க. இங்க ஒரு பொண்ணு கதை படிச்சு அழுதுட்டு இருக்கா."

இப்படிப்பட்டவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டியிருக்கிறது. என் நேரம்.

மேடம் பத்தொன்பது வருஷம் பள்ளி அலுவலகத்தில் சான்றிதழ் தட்டச்சு செய்தவர். நூலகத்துக்கு ஆள் இல்லையென்று சாவியை அவர் கையில் திணித்தார்கள். அப்போது அங்கே அகராதிகளும் தூசியும்தான் இருந்தன. ஒரே வருஷத்தில் பூட்டிய அலமாரிகளைத் திறந்துபோட்டு, பதின்வயதுப் பிள்ளைகள் படிக்கிற நாவல்களைத் தேடித் தேடி வரவழைத்து, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வாசிப்பு மன்றம் ஒன்றை ஆரம்பித்துவிட்டார். பத்துப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். பத்துக்குக் கீழே போனால் அந்தப் பீரியட் கணக்கு ஸ்பெஷல் கிளாஸுக்குப் போய்விடும் என்று தலைமையாசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார்.

மன்றத்துக்கு ஒரே ஒரு சட்டம். மாதம் ஒரு நாவல், ஆளுக்கொரு பிரதி. கடைசி அத்தியாயத்தை மட்டும் பழுப்புத் தாளில் மூடி ஒட்டிவிட வேண்டும். மாதக் கடைசி வெள்ளியன்று எல்லோரும் ஒன்றாகக் கிழித்துச் சத்தமாகப் படிப்பார்கள். சட்டம் போட்டது ஒன்பதாம் வகுப்பு 'வக்கீல்'. பட்டப்பெயருக்கு ஏற்ற வாய் அவளுக்கு.

இதில் ஒரு சிக்கல். மேடம் பிறந்ததிலிருந்து முடிவைத்தான் முதலில் படிப்பார். "கதவு எந்தப் பக்கம்னு தெரியாத வீட்டுக்குள்ள யாராவது போவாங்களா சார்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் வீட்டுக்காரர், எந்தப் படம் வந்தாலும் முதலில் தனியாகப் போய்ப் பார்த்து, முடிவை வந்து சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் இருவரும் சேர்ந்து போவார்கள். அந்த மனுஷன் எல்லாப் படத்தையும் இரண்டு தடவை பார்த்தவர். பொறுமைசாலி.

போன மாத நாவலில் ஒரு பெண்ணின் அண்ணன் காணாமல் போய்விடுகிறான். அவன் உயிரோடு இல்லையென்று பாதிப் பேர், இருக்கிறான் என்று மீதிப் பேர். சண்டை முற்றி ஒரு சின்னப் பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். மேடத்துக்கு மனசு பொறுக்கவில்லை.

"அழாதம்மா. அவன் கடலோரத்துல கடை வச்சு நல்லாத்தான் இருக்கான்."

வக்கீல் எழுந்து போய் மேடத்தின் பிரதியைத் தடவிப் பார்த்தாள்.

"இதுல மட்டும் ரெண்டு தடவை கோந்து போட்டிருக்கு மேடம்."

நாலு பேர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். பத்து ஆறாகிவிட்டது. அடுத்த வெள்ளி தலைமையாசிரியை வந்து தலையை எண்ணப்போகிறார் என்று அன்று மாலையே சுற்றறிக்கை வேறு வந்தது.

திங்கட்கிழமை வக்கீல் ஒரு நோட்டோடு வந்தாள்.

"மேடம், இது உங்களுக்குத் தண்டனை. நாங்களே ஒரு நாவல் எழுதுறோம். ஆளுக்கு ஒரு அத்தியாயம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீங்கதான் நின்னு சத்தமா வாசிக்கணும்."

மேடத்தின் கை தானாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டியது. வெள்ளைத்தாள். முன்னால் புரட்டினார். அங்கேயும் வெள்ளைத்தாள். நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பந்து நழுவி அகராதி அலமாரியில் போய் மோதியது. அன்று அதற்குக்கூடத் திட்டவில்லை.

வியாழக்கிழமை வலையை எடுக்கப் போனபோது மெதுவாகக் கேட்டார்: "சார், நாளைக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு நினைக்கிறீங்க?"

"தெரியலயே மேடம்."

"எனக்கும் தெரியல. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆறே பேரோடு அந்த அறை கணக்கு வகுப்பாகிப்போனால், நான் யாரிடம் போய்த் திட்டு வாங்குவது?

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். என் மைதானம் காலி. மேடத்துக்குத் தண்டனை என்ற செய்தி பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. வெளியேறிய நாலு பேரும் முதல் ஆளாக வந்து முன்வரிசையைப் பிடித்திருந்தார்கள். தண்டனையைப் பார்க்காமல் விடுவார்களா? என் கைப்பந்துப் பிள்ளைகள் ஜன்னல் திண்டில் இருந்தார்கள். தலைமையாசிரியை தாளும் பேனாவுமாக வந்து, இடமில்லாமல் என் பந்து மூட்டைமேல் உட்கார்ந்தார்.

மேடம் எழுந்து, வக்கீல் அப்போதுதான் நீட்டிய நோட்டிலிருந்து முதல் அத்தியாயத்தை வாசித்தார். விடுமுறை என்று தெரியாமல் பள்ளிக்கு வந்துவிட்ட ஒரு பெண். ஆளில்லாத கட்டடம். நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். வெளியிலிருந்து யாரோ மூன்று முறை கதவைத் தட்டுகிறார்கள். அவள் எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அத்தோடு எழுத்து நின்றுவிட்டது.

"அப்புறம்?" என்று கேட்டது மேடம்தான்.

"அடுத்த வாரம்," என்றாள் வக்கீல். மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மேடம் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சின்னப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியையின் தாளில் ஒரு கோடுகூட விழுந்திருக்கவில்லை. எண்ண மறந்துவிட்டார்.

திங்கள் காலை அவரிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. 'வாசிப்பு மன்றம் தொடரும்.' அதன் கீழே சிவப்பு மையில்: 'கதவைத் தட்டியது யார்? எனக்கு மட்டும் சொல்லவும்.'

மேடம் அதன் கீழேயே பதில் எழுதி மடித்து, அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்புதான். மாடிப்படியில் நின்று பிரித்துப் பார்த்தேன்.

'எனக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை வாருங்கள்.'